நாடக மேடைக்கு கலர் மாறுற லைட் வாங்கப் போறீங்களா? நாங்க பண்ணுன தப்ப நீங்க பண்ணிராதீங்க

குளச்சல் பக்கம் ஒரு கடலோர ஊரு, ஒன்பதாம் திருவிழா நாடகம், மணி பதினொண்ணு இருக்கும். மேடையில மகன் செத்துக் கெடக்கான், அம்மா வேஷம் போட்ட அக்கா நெஞ்சுல அடிச்சு அழுவா. "எம் மக்களே"ன்னு அவ ஒரு கத்து கத்துனதும் மேடை பூரா செவப்பாச்சு, அடுத்த கத்துக்கு பச்சை, அதுக்கடுத்து நீலம். முன்னால பாயில இருந்த பொடிப்பயலுவ எந்திரிச்சு ஆட ஆரம்பிச்சிட்டானுவ. லைட்டுக்குப் பொறுப்பு நான்தான். புதுசா வாங்குன எட்டு எல்இடி பார் லைட்டுல (PAR, டப்பா மாதிரி இருக்க மேடை லைட்டு) ரெண்டு, சத்தத்துக்கு ஏத்த மாதிரி தானா கலர் மாறுற சவுண்ட் மோடுலயே கெடந்திருக்கு, உள்ள இருக்க குட்டி மைக்கு அவ ஒப்பாரிய டிஜே பாட்டுன்னு நெனச்சுட்டு. சவத்த, அன்னைக்கு நைட்டு சோறு எறங்கல.

அந்த லைட்டு கெட்ட லைட்டுன்னு சொல்ல மாட்டேன், கல்யாண ரிசப்ஷனுக்கு நல்ல லைட்டு. நம்ம தப்பு என்னன்னா கடைக்குப் போயி "கலர் மாறுமா"ன்னு மட்டும் கேட்டோம். இப்ப வார எல்லா லைட்டும்தான் கலர் மாறும். நாடகத்துக்கு கேக்க வேண்டியது வேற: அதுல மூஞ்சி எப்படி தெரியும், மெதுவா அணையுமா, சத்தம் போடாம இருக்குமா, இந்த மூணுதான்.

மொதல்ல மூஞ்சிய சொல்லிருதேன், இதுலதான் எல்லாரும் விழுறது. ரெண்டாயிரம் மூவாயிரம் ரேஞ்சுல வார லைட்டு பெட்டியில 54×3 வாட்னு போட்டிருக்கும், பெருக்குனா 162 வாட்டு வருது, ஆனா நெசத்துல அவ்வளவு கரண்டு அது இழுக்காது, எல்இடிய முழு அளவுக்கு ஓட்ட மாட்டானுவ. அத விடுங்க, முன்னாடி கண்ணாடியில எந்தக் கலர் எத்தனைன்னு எண்ணிப் பாருங்க. எங்க லைட்டுல செவப்பு 12, பச்சை 18, நீலம் 18, வெள்ளை வெறும் 6. இதுல செவப்பு பச்சை நீலம் மூணையும் ஏத்தி வெள்ளை கொண்டு வந்தா சுவரு வெள்ளையாத்தான் தெரியும், ஆனா நம்ம ஊரு மாநெற மூஞ்சியில பட்டா சாம்பல் பூசுன மாதிரி ஆயிரும், காய்ச்சல்ல பத்து நாள் கெடந்து எந்திரிச்சவன் கணக்கா. பழைய ஹாலோஜன் லைட்டுல அந்தப் பிரச்சனையே கெடையாது, அது வெளிச்சத்தோட நெற அளவுல 3200 கெல்வின் பக்கத்துல வார மஞ்ச கலந்த வெளிச்சம், எல்லா நெறமும் அதுக்குள்ள தொடர்ச்சியா இருக்கு. இந்த மூணு கலர் எல்இடியில மூணு எடத்துல மட்டும் கூரா இருக்கும், நடுவுல பள்ளம், தோலோட நெறம் அந்தப் பள்ளத்துல போய் விழுது.

அதுனால காசு கொஞ்சமாத்தான் இருக்குன்னா எட்டும் கலர் லைட்டா வாங்காதீங்க. நாலு வார்ம் ஒயிட் சிஓபி லைட்டு (நடுவுல ஒரே பெரிய எல்இடி மட்டும் இருக்க, மஞ்ச கலந்த வெள்ளை லைட்டு) வாங்கி முன்னாலருந்து ரெண்டு பக்கமா மூஞ்சிக்கு சரிச்சு அடிங்க, மிச்சம் நாலுதான் கலரு, அத பின்னாலயும் சைடுலயும் வைங்க. ராத்திரி காட்சின்னு சொல்லி முன்னாலருந்து மூஞ்சியில நீலத்த அடிச்சா ஆளு பொணமாட்டுதான் தெரிவான், அதே நீலம் பின்னாலருந்து தோள்லயும் முடியிலயும் பட்டா நெலா வெளிச்சம் மாதிரியே இருக்கும்.

நெழலையும் பாக்கணும். தனித்தனி கலர் எல்இடி பதிச்ச லைட்டு முன்னால கையை நீட்டுனா நெழல் ஒரு ஓரத்துல செவப்பு, ஒரு ஓரத்துல பச்சைன்னு பிரிஞ்சு விழும். சம்மனசு (தேவதூதன்) வேஷத்துக்கு தைச்ச வெள்ளை அங்கியில அது விழுந்தா ஹோலி வெளையாண்டுட்டு வந்த மாதிரி இருக்கும். ஒரே எல்இடி முத்துக்குள்ள எல்லாக் கலரும் இருக்கும் பாருங்க, ஃபோர் இன் ஒன்னு சொல்லுவாங்க, அதுல இந்தத் தொந்தரவு கெடையாது. வெலை கொஞ்சம் கூடத்தான், ஆனா பத்து சின்ன லைட்டுக்கு பதிலா ஆறு இது வாங்கலாம், என்னைக் கேட்டா அதுதான் லாபம்.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டு வெள்ளை வேட்டி, ஒரு செவப்புத் துணி, குங்குமம் கொஞ்சம், சார்ஜ் உள்ள மொபைலு, இவ்வளவும் எடுத்துட்டுப் போங்க, கடைக்காரரு சிரிச்சா சிரிக்கட்டும். செவப்புத் துணிய பச்சை வெளிச்சத்துல காட்டுனா கறுப்பாயிரும், நீலத்துலயும் அப்படித்தான். இது லைட்டோட குத்தம் இல்ல, செவப்புச் சாயம் திருப்பி அனுப்புறதுக்கு அந்த வெளிச்சத்துல செவப்பே இல்ல, அவ்வளவுதான். ஒரு கோயில் கொடை நாடகத்துல அம்மன் வேஷம் போட்ட புள்ளைக்கு பச்சை அடிச்சோம், நெத்திக் குங்குமம் ஓட்டை விழுந்த மாதிரி கறுப்பா தெரிஞ்சுது, பாட்டிமாருவ எல்லாம் அபசகுனம்னு மொணங்கிட்டாங்க. துணி எடுக்குறதுக்கு முன்ன லைட்டுக் கலரையும் சேத்து முடிவு பண்ணணும்னு அன்னைக்குதான் மண்டையில ஏறிச்சு.

அடுத்து, லைட்ட மெதுவா அணைக்கச் சொல்லுங்க. பத்து பர்சன்ட்லருந்து சைபருக்கு பைய எறக்கணும். மட்டமான லைட்டுன்னா படி எறங்குற மாதிரி டக் டக்குன்னு எறங்கி கடைசியில பட்டுன்னு அணையும். சாதாரணமா ஒரு சேனல்ல (ஒரு கலரையோ வெளிச்சத்தையோ கூட்டிக் கொறைக்கிற தனி வழி) சைபர்லருந்து 255 வரை 256 படிதான், கீழ்ப் படிகள்ல அந்தத் தாவல் கண்ணுக்கு நல்லாவே தெரியும். கல்யாண வீட்டுல எவனும் கவனிக்க மாட்டான், நாடகத்துல கடைசிக் காட்சியே அதுதானே. அப்படியே மொபைல்ல வீடியோ எடுத்துப் பாருங்க, வெளிச்சம் கம்மியா இருக்கும்போது ஸ்க்ரீன்ல கறுப்புக் கறுப்பா பட்டை ஓடுச்சுன்னா வேண்டாம். எல்இடிய மங்கலாக்க வேகமா அணைச்சு அணைச்சு எரிய விடுறானுவ, அந்த வேகம் கொறைஞ்சா கேமரா புடிச்சிரும். இப்ப எல்லா பங்குத் திருவிழாவும் யூட்யூப் லைவ்தான், துபாய்ல இருக்கவன் பாத்துட்டு மொதல்ல லைட்டத்தான் ஏசுவான்.

பழைய ஸ்க்ரோலர் செகண்ட் ஹேண்டுல சல்லிசா வருதுன்னு ஒரு அண்ணன் சொன்னாரு. ஹாலோஜன் பார் லைட்டு மூஞ்சியில மாட்டுற பெட்டி, உள்ள கலர் கலரா ஜெல் (சூடு தாங்குற கலர் ஷீட்டு) ஒட்டுன சுருள் மோட்டார்ல ஓடும். கலர் அருமையா இருக்கும், அத குத்தம் சொல்ல முடியாது. ஆனா மஞ்சள்லருந்து நீலத்துக்குப் போகணும்னா சுருள்ல நடுவுல இருக்க எல்லாக் கலரும் மேடையில ஓடித்தான் போகும், லைட்ட அணைச்சுட்டுதான் மாத்தணும். மோட்டாரும் அமைதியான காட்சியில "கிர்"ருங்கும், அதுக்குன்னு தனி பவர் சப்ளை வேற, சுருள் கிழிஞ்சா நாமளே ஒட்டணும். இதெல்லாம் போக 1000 வாட் பார் நாலு போட்டாலே 230 வோல்ட்டுல 17 ஆம்பியருக்கு மேல இழுக்கும், ஒத்த 16 ஆம்பியர் ப்ளக்கு தாங்காது. எல்இடின்னா பன்னெண்டு போட்டாலும் சின்ன ஜெனரேட்டர்லயே ஓடிரும்.

அதுக்காக ஜெல் பேப்பர ஒதுக்கவும் வேண்டாம். காட்சிக்குக் காட்சி கலர் மாறலன்னா நாலு பழைய ஹாலோஜனும் லீ இல்லாட்டி ரோஸ்கோ கம்பெனி ஜெல்லும் இன்னைக்கும் நல்ல ஏற்பாடுதான். ஸ்டேஷனரி கடையில கிஃப்ட் சுத்துற கண்ணாடிப் பேப்பர வாங்கி மாட்டாதீங்க, சூட்டுல சுருங்கி உருகி ஒழுகிரும், நாத்தம் வேற.

ஹாலோஜன் வெளிச்சத்த கூட்டிக் கொறைக்கிற பழைய டிம்மர் பெட்டி கையில இருக்கேன்னு எல்இடி லைட்ட அதுல சொருகிராதீங்க. எல்இடிக்கு நேரா மெயின்ஸ்தான் போகணும், கூட்டுறது கொறைக்கிறது எல்லாம் டிஎம்எக்ஸ் வயருல, அதாவது லைட்டுக்கு உத்தரவு மட்டும் கொண்டு போற வயருல. டிம்மர் வெட்டி வெட்டி அனுப்புற கரண்டு உள்ள இருக்க பவர் சப்ளைய தின்னுரும், எங்களுக்கு ஒரு லைட்டு அப்படித்தான் போச்சு.

டிஎம்எக்ஸ்ல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, ஒரு லைன்ல 512 சேனல், அவ்வளவுதான். லைட்டு ஏழு சேனல் மோடுல இருந்தா அட்ரஸ், அதாவது ஒவ்வொரு லைட்டும் எந்த சேனல்லருந்து ஆரம்பிக்குதுங்கிற நம்பர், 1, 8, 15, 22ன்னு போகும். ஆனா கடையில கெடைக்கிற 192 சேனல் கன்ட்ரோலர் ஒரு லைட்டுக்கு 16 சேனல் ஒதுக்கும், அதுக்கு 1, 17, 33, 49ன்னு வைக்கணும், இது தெரியாமத்தான் பாதி பேரு லைட்டு கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொண்டு போறாங்க. லேப்டாப் இருந்தா லேப்டாப்ப டிஎம்எக்ஸ் வயரோட சேக்குற யுஎஸ்பி டிஎம்எக்ஸ் ஒண்ணு வாங்கி க்யூஎல்சி பிளஸ்ல ஓட்டலாம், சாஃப்ட்வேர் ஃப்ரீதான். வயரு மைக் வயரு மாதிரியே இருக்கும், ஆனா டிஎம்எக்ஸுக்குன்னே 110, 120 ஓம்ல தனியா வருது, தூரம் கூடக்கூட மைக் வயருல லைட்டு தானா துடிக்கும். கடைசி லைட்டுல 120 ஓம் ரெசிஸ்டர் வச்ச டெர்மினேட்டர் ஒண்ணு சொருகிட்டா பாதி பேய் ஓடிரும். டிஎம்எக்ஸ் வயரு உருவிட்டா லைட்டு என்ன செய்யும்ங்கிறதையும் கடையிலயே உருவிப் பாத்துருங்க. சிலது அப்படியே நிக்கும், சிலது அணையும், சிலது தானா கலர் மாத்திட்டு கூத்தடிக்கும்.

ஃபேன் சத்தமும் முக்கியம்தான். கடையில ரோட்டு எரைச்சல்ல ஒண்ணும் கேக்காது, காதுகிட்ட வச்சுப் பாருங்க. நம்ம பக்கம் அதைவிட பெரிய வில்லன் உப்புக்காத்து. அந்த ஃபேன் உள்ள இழுக்குறதே அதத்தான். முட்டம், குளச்சல் மாதிரி ஊர்ல ஒரு பத்து நாள் திருவிழா கட்டிட்டு எறக்குனாலே ஸ்க்ரூ தலையில செம்மண் நெறத்துல துரு நிக்கும். கன்னியாகுமரி ரெண்டு பருவமழையும் பாக்குற ஜில்லா வேற, எப்ப கொட்டும்னு தெரியாது. முடிஞ்சா ஃபேன் இல்லாத ஐபி 65 லைட்டு (தூசியும் தண்ணித் தெறிப்பும் உள்ள போகாதது) எடுங்க, கனமும் கூட, காசும் கூட. முடியலன்னா எறக்குன அன்னைக்கே காஞ்ச துணியால தொடச்சு, ஃபேன் வலையில பிரஷ் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட மூடி வைங்க. நாங்க மொத வருசம் தார்ப்பாயில சுருட்டி சாவடித் திண்ணையில போட்டுட்டோம், அடுத்த திருவிழாவுக்கு எடுத்தா எட்டுல அஞ்சுதான் எரிஞ்சுது.