ஹெவி டோனுக்காக டியூப் ஆம்ப்பில் கைவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் டியூப் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, கெய்ன் எவ்வளவு ஏத்தினாலும் ஹெவியா வரமாட்டேங்குது" என்றான். கெய்ன் என்றால் ஆம்ப் சிக்னலை எவ்வளவு பெருக்குகிறது என்பது. திறந்து பார்த்தேன். டியூப்களின் கேத்தோடு முனையில் இருக்கும் கெபாசிட்டர்கள் எல்லாவற்றையும் பெரிதாக்கியிருந்தான். ஒரு டியூபிலிருந்து அடுத்ததற்குச் சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டர்கள் 0.1 மைக்ரோஃபாரடுக்குப் போயிருந்தன. கிட்டாரில், தேடிப் பிடித்ததிலேயே அதிக ஓம் காட்டும் ஹம்பக்கர், அதாவது தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் இரட்டைச் சுருள் பிக்கப். பதினைந்து வருடங்களுக்கு முன் நான் என் ஆம்ப்பில் செய்த அதே வேலை, கிட்டத்தட்ட அதே வரிசையில். அவனுக்கு முன் வந்த இரண்டு பேரும் இதையேதான் செய்திருந்தார்கள்.

சால்டர் சரியாக ஒட்டாதது, கம்பியை இடம் மாற்றி இணைப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை முதல் நாளே தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் சொல்லாமல் விடமுடியாது. டியூப் ஆம்ப்புக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேட் செய்து, அதன் வழியாக ஒவ்வொரு கெபாசிட்டரையும் வடித்துவிட்டு, மீட்டரை வைத்து அளந்து பார்த்த பிறகே கை உள்ளே போகவேண்டும். இதற்குப் பொறுமை இல்லையென்றால் ஆம்ப்பைத் திறக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பேஸைக் கூட்டுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். கனமான ஒலி வேண்டும், கனம் என்றால் பேஸ், ஆகவே ஆம்ப்பின் முதல் டியூபிலிருந்தே பேஸை ஏற்றுவோம் என்ற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிஸ்டார்ஷன், அதாவது எல்லை மீறிய சிக்னல் நசுங்கிக் கரகரப்பது, அப்படி வேலை செய்வதில்லை.

ஒரு டியூப் எவ்வளவு சிக்னலைத் தாங்கும் என்பதற்கு எல்லை உண்டு. தாழ்ந்த சுரங்கள்தான் சிக்னலில் பெரிய அலைகள். அவை அந்த எல்லை முழுவதையும் பிடித்துக்கொண்டால், கடிப்பும் தெளிவும் தரும் நடு அலைவரிசை அவற்றின் முதுகில் சவாரி செய்து, அவை நசுங்கும்போது தானும் நசுங்கும். காதுக்கு வருவது கனம் இல்லை, சேறு.

அதோடு, அந்தத் தாழ்ந்த ஒலியை டிஸ்டார்ஷனே உருவாக்கிக் கொடுக்கிறது. தாழ்ந்த இ தந்தியின் சுரம் 82 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாம் சுரம் ஏறக்குறைய 123. இரண்டையும் பவர் கார்டாகச் சேர்த்து டிஸ்டார்ட் செய்தால், அவற்றின் வித்தியாசமான 41 ஹெர்ட்ஸும் புதிதாகப் பிறக்கிறது. அது பேஸ் கிட்டாரின் தாழ்ந்த இ சுரம். பல 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கர்களின் ரெசனன்ஸ் (இயல்பாக அதிரும் அலைவரிசை) 75 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே அவற்றால் பெரிதாக எதையும் தரமுடியாது. அப்படியிருக்க முன்னாலேயே பேஸைக் கொட்டினால், ஸ்பீக்கரால் ஒலிக்கமுடியாத ஒன்றுக்காக டியூபின் இடத்தைத் தாரைவார்க்கிறோம்.

பிளாக் சபாத் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-இல் ஹெவி மெட்டலுக்கு அடித்தளம் போட்ட அந்த ஒலியில், ஆம்ப்புக்கு முன்னால் இருந்தது ஒரு ட்ரெபிள் பூஸ்டர். அதாவது பேஸை வெட்டி, மேலே இருப்பதை மட்டும் ஏற்றிக் கொடுக்கும் பெட்டி. பிறகு வந்த மெட்டல் வாசிப்பாளர்கள் டியூப் ஸ்கிரீமர் பெடலை டிரைவ் குறைத்து, லெவல் ஏற்றி ஆம்ப்புக்கு முன் வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். அதன் கிளிப்பிங் பகுதி 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெய்னைக் குறைத்துக்கொண்டே போகும். மெஸா பூகி மார்க் வரிசை ஆம்ப்களில் பேஸ் குமிழ் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருப்பதால், வாசிப்பவர்கள் அதை ஏறக்குறைய அணைத்துவைத்துவிட்டு, பின்னால் இருக்கும் ஐந்து பட்டை ஈக்வலைசரில் பேஸை ஏற்றுவார்கள்.

பெரிய கப்ளிங் கெபாசிட்டர் செய்யும் இன்னொரு கேடு பலருக்குத் தெரிவதில்லை. சிக்னல் அளவுக்கு மீறி வரும்போது அடுத்த டியூபின் கிரிட் (சிக்னல் நுழையும் முனை) கரண்டை இழுத்து, அந்தக் கெபாசிட்டரைச் சார்ஜ் செய்துவிடும். அது வடியும்வரை டியூப் அரைமயக்கத்தில் கிடக்கும். 0.1 மைக்ரோஃபாரடும் 1 மெகா ஓமும் சேர்ந்தால் அந்த நேர அளவு 100 மில்லிசெகண்ட். நிமிடத்துக்கு 150 பீட் வேகத்தில் பதினாறாம் சுரங்களை பாம் மியூட் செய்து, அதாவது உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசித்தால், ஒரு சுரத்தின் நீளமே 100 மில்லிசெகண்ட்தான். ஆக ஒரு சுரம் விழுத்திய டியூப் எழுந்திருப்பதற்குள் அடுத்த சுரம் வந்துவிடுகிறது. 'புர்ர்' என்று காற்றுப்போன மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தத் தம்பியின் ஆம்ப்பில் வந்தது அதுதான்.

சரி, என்ன செய்வது? ஒரு கணக்கு போதும்: 1,59,000-ஐ, கிலோ ஓமில் ரெசிஸ்டரையும் நானோஃபாரடில் கெபாசிட்டரையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் குறையத் தொடங்கும் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். 22 நானோஃபாரடும் 1 மெகா ஓமும் சேர்ந்தால் 7 ஹெர்ட்ஸ், ஒன்றையும் வெட்டாது. 2.2 நானோஃபாரடும் 470 கிலோ ஓமும் சேர்ந்தால் 154 ஹெர்ட்ஸ். முதல் கட்டத்தின் கேத்தோடில் 25 மைக்ரோஃபாரடுக்குப் பதில் 0.68 போட்டால், தாழ்ந்த சுரங்களின் கெய்ன் ஏறக்குறையப் பாதியாகும், மேலே அப்படியே இருக்கும். பிரிட்டிஷ் ஆம்ப்களில் 0.68 அடிக்கடி கண்ணில் படுவது இதனால்தான். வெட்டிய பேஸைப் பவர் ஆம்ப்பில் திரும்பக் கொடுங்கள். நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியேறும் சிக்னலில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழி) உள்ள ஆம்ப்பாக இருந்தால், அந்த வழியில் 4.7 நானோஃபாரட் கெபாசிட்டரோடு 1 மெகா ஓம் பாட் (குமிழால் திருகும் மாறும் ரெசிஸ்டர்) ஒன்றைச் சேர்த்து 'டெப்த்' குமிழ் அமைக்கலாம். நெஞ்சில் வந்து முட்டும் பேஸ் அங்கிருந்து வரும்.

எனக்கு இது புரிய ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போகவேண்டியிருந்தது. பேஸை ஏற்றினேன், ஒலி கலங்கியது. கலங்கியதைத் தெளிவாக்க இன்னும் கெய்ன் வேண்டும் என்று நினைத்து, ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டியூப் இருக்கும் 12ஏஎக்ஸ்7-இல் சும்மா இருந்த பாதியை இன்னொரு கட்டமாகச் சேர்த்தேன். புதிய கிரிட் கம்பி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிளேட் (டியூபிலிருந்து சிக்னல் வெளியேறும் முனை) கம்பியை ஒட்டியே ஓடியது. வெளியேறிய சிக்னல் திரும்ப உள்ளே புகுந்து ஆம்ப் ஊளையிடத் தொடங்கியது. ஊளைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை, ஏனென்றால் ஆம்ப் ஊளையிட்டது காதுக்கு எட்டாத உயரத்தில். ஒலி மட்டும் என்னவோ மந்தமாக இருந்தது. ஆம்ப்பின் முன்னால் நின்று குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தேன். வாசனை வந்த பிறகு பின்னால் போய்ப் பார்த்தால், இரண்டு இஎல்34 பவர் டியூப்களின் பிளேட்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. ஃபியூஸ் போகவில்லை. டியூப்களை மாற்றிவிட்டேன், ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் ஒரு பாதி அறுந்துவிட்டது. ஆம்ப் பிறந்தபோதே அதோடு வந்த டிரான்ஸ்ஃபார்மர் அது. பொருத்தமான இன்னொன்று கிடைக்க ஏழு மாதம் ஆனது. கிடைத்த பிறகும் பழைய ஒலி வரவில்லை. இன்றும் அந்த ஆம்ப்பை ஆன் செய்யும்போது அது உறுத்துகிறது.

ஆகவே கெய்ன் கூட்டிய ஆம்ப்பை இப்படிச் சோதியுங்கள்: பவர் டியூப்களின் கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால், அதில் எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லியாம்ப். கிட்டாரைக் கழற்றிவிட்டு, எல்லாக் குமிழ்களையும் மெல்ல ஏற்றுங்கள். அளவு அசையக்கூடாது. தாவினால் உடனே அணையுங்கள், உள்ளே ஏதோ ஊளையிடுகிறது. கிரிட் கம்பிகளுக்கு ஷீல்டு கம்பி போடுங்கள், பிளேட் கம்பிகளிலிருந்து விலக்குங்கள், கிரிட் ஸ்டாப்பர் ரெசிஸ்டரை டியூப் சாக்கெட்டின் காலிலேயே வையுங்கள்.

ஓமைப் பார்த்து பிக்கப் வாங்குவது

16 கிலோ ஓம் பிக்கப் 8 கிலோ ஓம் பிக்கப்பைவிட இரண்டு மடங்கு பலம் என்று நம்புகிறார்கள். ஓம் என்பது கம்பியின் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான். அதே எண்ணிக்கைச் சுற்றுகளை 42 கேஜ் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 43 கேஜில் சுற்றினாலே ஓம் ஏறிவிடும், சிக்னல் ஏறாது. பலத்தைத் தீர்மானிப்பது சுற்றுகளும் காந்தமும். சுற்று கூடக்கூட இண்டக்டன்ஸ் கூடி, உச்ச அலைவரிசை கீழே இறங்கும். ட்ரெபிள் மங்கும். கெய்ன் ஏற்கெனவே போதுமான ஆம்ப்பில் அதற்கு மேல் பலம் எதற்கு? என் கிட்டாரில் இப்போது இருப்பது 8 கிலோ ஓம் சொச்சம், அல்நிகோ 5 காந்தம். ரிஃப் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுகிறது.

பிக்கப் வாங்குவதற்கு முன் இருப்பதன் உயரத்தைத் திருத்திப் பாருங்கள். தாழ்ந்த தந்திகளின் பக்கம் அரைச் சுற்று இறக்கினாலே டிஸ்டார்ஷன் இறுகும். மேலே சொன்ன அதே கதைதான், இங்கே ஒரு ஸ்குரூடிரைவரோடு முடிகிறது.

ஆக்டிவ் பிக்கப்புக்குப் பழைய பாட்

பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் பாட் போடுங்கள். சாதாரண பிக்கப்புக்குப் போட்டிருந்த 500 கிலோ ஓமை விட்டுவைத்தால் வால்யூம் குமிழ் சுவிட்ச் மாதிரிதான் வேலை செய்யும்.

வாலாட்டும் பிக்கப்பைக் கொதிக்கவைப்பது

கெய்ன் கூட்டியதும் பிக்கப் கீச்சிட்டால் மெழுகில் ஊறவைக்கலாம். 65 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு மேல் போனால் பாபின் (கம்பி சுற்றியிருக்கும் சட்டம்) வளைந்துவிடும், பிறகு ஒன்றும் செய்யமுடியாது. அடுப்புத் தீயில் நேராக வைக்காமல், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துச் சூடாக்குங்கள். தெர்மாமீட்டர் கையில் இருக்கட்டும்.

சூடான பயாஸ்தான் ஹெவி என்று நினைப்பது

பயாஸ் என்பது சிக்னல் இல்லாதபோதும் பவர் டியூபில் எவ்வளவு கரண்ட் ஓடவேண்டும் என்ற அமைப்பு. அதை ஏற்றினால் டியூப் சீக்கிரம் சாகும், அவ்வளவுதான். ஃபிக்ஸ்டு பயாஸ் ஆம்ப்பில், பிளேட் தாங்கும் வாட்டில் 70 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். இஎல்34-க்கு 25 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால், 17.5-ஐ 450-ஆல் வகுக்க 39 மில்லியாம்ப் வரும். நான் 35-இல் நிறுத்துவேன்.

6எல்6 இருந்த இடத்தில் இஎல்34-ஐச் செருகுவது

இரண்டும் பவர் டியூப்கள்தான், ஆனால் சாக்கெட்டின் 1-ஆம் காலை 8-ஆம் காலோடு இணைக்காமல் செருகாதீர்கள். ஹீட்டர் கரண்டும் 0.9 ஆம்பியரிலிருந்து 1.5-க்குப் போகும், பவர் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். பயாஸையும் மறுபடி வைக்கவேண்டும்.

ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்வது

ஒரு நொடிகூட வேண்டாம்.

ஒரே நாளில் ஐந்தை மாற்றுவது

ஒன்றை மாற்றுங்கள், வாசியுங்கள், நோட்டில் எழுதுங்கள். கழற்றியதைப் பெயர் எழுதிய உறையில் போட்டு வையுங்கள்.

தனியாக வாசித்து முடிவெடுப்பது

அறையில் தனியாக வாசிக்கும்போது பேஸ் நிறைந்த ஒலிதான் பிரமாண்டமாக இருக்கும். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் அது காணாமல் போகும். அந்தத் தம்பியின் ஆம்ப்பில் கப்ளிங் கெபாசிட்டர்களை 22 நானோஃபாரடுக்குத் திருப்பினேன், முதல் கேத்தோடில் 0.68 போட்டேன், வேறு எதையும் தொடவில்லை. வாசித்துப் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போச்சேண்ணா" என்று முகம் வாடினான். "பேண்டோட ஒரு தடவை வாசிச்சுட்டு வந்து சொல்லுடா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை ரிகர்சல் முடிந்து இரவு பத்தரைக்குக் கூப்பிட்டான். டிரம்மர் தன்னை வால்யூமைக் குறைக்கச் சொன்னதாகச் சொன்னான்.