டிரையர் சுற்றுகிறது, சூடு மட்டும் இல்லையா? காயிலைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

இடவப்பாதியில் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம்) ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று வருஷத்தில் பல மாதம் துணி காயாத மாவட்டம் நம் கன்னியாகுமரி. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் இருப்பவர்களிடம் கேட்கவே வேண்டாம், ஜூலை மாதம் ஜீன்ஸ் ஒன்று காய மூன்று நாள் ஆகும், அப்புறமும் ஒரு வாடை இருக்கும். அதனால்தான் இப்போது வீடுகளிலும் சின்ன லாட்ஜுகளிலும் எலெக்ட்ரிக் டிரையர் வந்துவிட்டது. வெயில் காலம் முழுக்க சும்மா கிடந்துவிட்டு, மழை அடித்துப் பெய்யும் வாரத்தில்தான் அது சூடாகாமல் மக்கர் பண்ணும். உடனே எல்லோரும் சொல்வது "காயில் போயிருக்கும்", அதாவது சூடு தரும் ஹீட்டர் கம்பிச் சுருள். போயிருக்கலாம்தான், ஆனால் காயிலைச் சந்தேகப்பட வேண்டியது கடைசியில். முதலில் காற்று, அடுத்து கரண்ட், அதற்கப்புறம்தான் ஸ்குரூடிரைவர்.

அதற்கு முன்னால் உங்களிடம் இருப்பது என்ன மெஷின் என்று பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பதையும் நாம் டிரையர் என்றுதான் சொல்கிறோம், அதில் ஹீட்டரே கிடையாது, வேகமாகச் சுற்றித் தண்ணீரைப் பிழியும், அவ்வளவுதான். டாப் லோடில் 'ஏர் டிரை' என்று ஒரு பட்டன் இருந்தால் அதுவும் பெரும்பாலும் வெறும் காற்றுதான். நான் இங்கே சொல்வது தனியாக நிற்கும், டிரம் மெதுவாகச் சுற்ற உள்ளே சூடான காற்று அடிக்கும் மெஷினைப் பற்றி.

சூடு உண்மையிலேயே இல்லையா என்பதை முதலில் உறுதி பண்ணுங்கள். பழைய துண்டு ஒன்றை நனைத்து நன்றாகப் பிழிந்து உள்ளே போட்டு, அதிகச் சூட்டு செட்டிங்கில் பத்து நிமிஷம் ஓட விட்டு, காற்று வெளியே வரும் இடத்தில் கையை வையுங்கள். காற்று பலமாக வருகிறது, ஆனால் குளிர்ச்சியாக இருக்கிறது என்றால் ஹீட்டர் பக்கம் கோளாறு. சூடாக இருக்கிறது, ஆனால் ஊதுவதற்குக்கூட பலமில்லாமல் வருகிறது என்றால் அடைப்பு. சூடும் இருக்கிறது, பலமும் இருக்கிறது, துணி மட்டும் காயவில்லை என்றால் மெஷினில் பிரச்சினை இல்லை: துணி சொட்டச் சொட்டப் போயிருக்கும், அல்லது டிரம்மை நிறைத்துத் திணித்திருப்பீர்கள், அல்லது டபுள் பெட்ஷீட் உருண்டையாகச் சுருண்டு உள்ளே மட்டும் ஈரம் நின்றிருக்கும். தானாக ஈரம் பார்த்து நிற்கிற மெஷின் என்றால் டிரம்முக்குள் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும், கம்ஃபர்ட் மாதிரி ஊற்றித் துவைக்கிற வீடுகளில் அதன் மேல் ஒரு படலம் படிந்து மெஷினை ஏமாற்றிவிடும். வினிகர் தொட்ட துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

இப்போது காற்றுக்கு வருவோம். கதவுப் பக்கம் இருக்கும் ஃபில்டரில் சேரும் பஞ்சை ஒவ்வொரு தடவையும் எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பஞ்சை எடுத்த பிறகும் வலை அடைபட்டிருக்கலாம் என்பதுதான் தெரியாது. அந்த வலையைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், தண்ணீர் ஒழுகாமல் மேலே நின்றால் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று மூடியிருக்கிறது. சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷும் போதும், தேய்த்துக் கழுவி நன்றாகக் காய வைத்த பிறகு மாட்டுங்கள்.

அடுத்தது பின்னால் போகும் நாலு அங்குலக் குழாய். மெஷினைச் சுவரோடு தள்ளி வைக்கும்போது அது நசுங்கும், அதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதைவிட மோசமான ஒன்று நம் ஊர் வழக்கம்: வெளிச்சுவரில் குழாய் முடியும் ஓட்டையில், கொசு வரும், பல்லி வரும் என்று கொசுவலையை வைத்துக் கட்டிவிடுவது. கொஞ்ச நாளில் அந்த வலையில் பஞ்சு கம்பளி மாதிரி ஒட்டிக்கொள்ளும், காற்று போக வழியிருக்காது, உள்ளே சூடு ஏறி பாதுகாப்புக்காக வைத்த தெர்மோஸ்டாட் ஹீட்டரை வெட்டி வெட்டி விடும், துணி காயாது. வலையை எடுத்துவிட்டு, காற்று வரும்போது மட்டும் திறக்கும் மடிப்பு மூடி வையுங்கள். குழாயே இல்லாமல் அறைக்குள் விடுகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் துணியிலிருந்து போன ஈரத்தை மெஷின் திரும்பவும் இழுத்துக்கொண்டிருக்கும். குழாயைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அப்போது நன்றாகச் சூடாகிக் காய்ந்தால் கோளாறு மெஷினில் இல்லை, குழாயில்.

கரண்ட். சாதாரண வீட்டு டிரையர் 2000 வாட், 2500 வாட் எடுக்கும். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். இது 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் ஓட வேண்டும், கன்வெர்ட்டர் பிளக் போட்டு மிக்ஸி ஓடும் சாக்கெட்டில் செருகினால் பின் கருகும், சுவிட்ச் உருகும். பிளக்கைக் கழற்றி பின்களைப் பாருங்கள், ஒன்று மட்டும் நிறம் மாறிக் கறுத்திருந்தால் அந்த இடத்தில் தொடுப்பு லூஸ்.

வோல்டேஜ் பலரும் கவனிக்காத விஷயம். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் சூடும் கொஞ்சம்தானே குறையும் என்று நினைப்போம், அப்படியில்லை, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப சூடு குறையும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் 2000 வாட் ஹீட்டர் சுமார் 1225 வாட்தான் கொடுக்கும். மோட்டார் சுற்றும், விளக்கு எரியும், எல்லாம் சரியாக இருப்பது மாதிரியே தெரியும், துணி மட்டும் ஈரமாகவே இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் வீடுகளில் சாயங்காலம் இது சகஜம். டிரையர் ஓடாதபோது ஒரு தடவையும், ஹீட்டர் ஓடும்போது ஒரு தடவையும் பக்கத்து சாக்கெட்டில் அளந்து பாருங்கள். எப்போதும் குறைவு என்றால் லைன் பிரச்சினை, மின்வாரியத்தில் சொல்ல வேண்டும். டிரையர் ஓடும்போது மட்டும் தடாலென்று விழுந்தால் வீட்டு ஒயர் மெல்லிசு, அல்லது எங்கோ ஜாயின்ட் லூஸ், ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

யூடியூபில் பார்த்துவிட்டு "ரெண்டு லைனில் ஒரு லைன் போனால் டிரம் சுற்றும், சூடு வராது" என்று சொல்பவர்கள் உண்டு. அது அமெரிக்காவில். அங்கே டிரையருக்கு இரண்டு லைன் சேர்ந்து 240 வோல்ட் போகும், மோட்டார் மட்டும் ஒரு லைனில் ஓடும். நம்முடையது சிங்கிள் ஃபேஸ், ஒரு லைன் ஒரு நியூட்ரல், அது போனால் ஒன்றுமே ஓடாது. அந்த வீடியோக்களில் காட்டும் ஓம் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் திறக்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டுத்தான், சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இல்லை. நம் வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் மாட்டியிருப்பதும் உண்டு. மெஷின் ஆற அரை மணி நேரம் விடுங்கள், மோட்டார் கப்பாசிட்டரின் முனைகளில் கை வைக்காதீர்கள், தகடு ஓரம் பிளேடு மாதிரி இருக்கும் என்பதால் கையுறை போடுங்கள். ஒயர்களைக் கழற்றும் முன் மொபைலில் நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கத் தகடைக் கழற்றினால் பெரும்பாலான மெஷின்களில் ஹீட்டர் பெட்டி தெரியும், அதன் மேலேயே பொத்தான் அளவில் இரண்டு மூன்று உருண்டைச் சாமான்கள் ஒட்டியிருக்கும். அவைதான் தெர்மோஸ்டாட்டும் தெர்மல் ஃப்யூஸும்.

மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் செட்டிங்) வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்க ஒயரையாவது கழற்றிவிட்டு இரண்டு முனையிலும் தொடுங்கள். ஆறிய நிலையில் பீப் வர வேண்டும். சிலதின் நடுவில் சின்னக் குமிழ் ஒன்று இருக்கும், அது வெளியே தள்ளியிருந்தால் அழுத்துங்கள், டக் என்று சத்தம் வந்து சேர்ந்துகொள்ளும், செலவில்லாமல் முடிந்தது. குமிழ் இல்லாத தெர்மல் ஃப்யூஸ் ஒரு தடவை போனால் போனதுதான், மாற்ற வேண்டும். வெப்ப அளவும் ஆம்பியரும் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். ஆனால் ஒன்று, ஃப்யூஸ் சும்மா போகாது. காற்று அடைபட்டதால்தான் பெரும்பாலும் போகும், அடைப்பை எடுக்காமல் புதிதை மாட்டினால் அதுவும் போகும்.

சில மெக்கானிக்குகள் அந்த ஃப்யூஸை எடுத்துவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றி "டைரக்ட்" பண்ணிவிட்டுப் போவார்கள். மெஷின் உடனே சூடாகும், நமக்கும் சந்தோஷம். உள்ளே முழுக்கப் பஞ்சு, பக்கத்தில் சிவக்கச் சிவக்கக் காயில், நடுவில் தடுக்க எதுவும் இல்லை. தீப்பிடிக்க இதைவிட வசதி வேண்டுமா? யாராவது அப்படிச் செய்தால் காசு கொடுக்காமல் அனுப்புங்கள்.

இப்போதுதான் காயில். மீட்டரை ஓம்ஸில் வைத்து முனைகளைத் தொடுங்கள். 2000 வாட் என்றால் 26 ஓம் பக்கம், 2500 என்றால் 21 ஓம் பக்கம் காட்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் அறுந்துவிட்டது. சில மெஷின்களில் இரண்டு காயில் இருக்கும், ஒன்று போனால் பாதிச் சூடு வரும், அதனால் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அடுத்து ஒரு முனையையும் ஹீட்டர் பெட்டித் தகடையும் தொட்டுப் பாருங்கள், அங்கே எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் கம்பி தொய்ந்து தகடில் முட்டுகிறது. ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) இருக்கிற வீட்டில் இது உடனே டிரிப் ஆகும், இல்லாத வீட்டில் எர்த் சரியில்லாவிட்டால் ஷாக் அடிக்கும். அறுந்த கம்பியை முறுக்கி ஒட்டுப் போடாதீர்கள், அந்த முறுக்கு இடமே அதிகச் சூடாகித் திரும்ப அறும்.

குளச்சல், முட்டம், மண்டைக்காடு என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உப்புக்காற்றில் ஹீட்டர் ஒயர் போய்ச் சேரும் லக்குகள் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனைகள்) பச்சை பிடித்துவிடும், மீட்டரில் ஓம் சரியாகக் காட்டும், 9 ஆம்பியர் ஓடும்போது தாங்காது, கருகும். லக் நிறம் மாறியிருந்தால் உரசிச் சுத்தம் பண்ணுவதோடு விடாமல், ஒயரை நல்ல செம்பு வரை வெட்டி புது லக் போட்டு இறுக்கமாக கிரிம்ப் பண்ணுங்கள். அங்கே சாதாரண பிளாஸ்டிக் ஒயர் வேண்டாம், சூடு தாங்கும் சிலிக்கான் ஒயர் கேட்டு வாங்குங்கள்.

காயிலும் நன்றாக இருக்கிறது, ஃப்யூஸும் நன்றாக இருக்கிறது என்றால் வெப்பம் பார்க்கும் சென்சார், அல்லது போர்டில் ஹீட்டருக்குக் கரண்டைப் போட்டு அணைக்கும் ரிலே, இரண்டில் ஒன்றில் கோளாறு. சென்சாரின் ஓம்ஸை அளந்துகொண்டே ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள், எண் சீராகக் குறைய வேண்டும். அசையாமல் நின்றால் மாற்றுங்கள். ரிலேயைக் கரண்ட் இருக்கும்போதுதான் சோதிக்க முடியும் என்பதால் அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சவுதியிலிருந்து வரும்போது கொண்டுவந்த மெஷின் என்றால் லேபிளில் ஹெர்ட்ஸைப் பாருங்கள். அங்கே 60, இங்கே 50. சாதாரண மோட்டார் உள்ள மெஷினில் ஃபேன் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், காற்று குறையும், தெர்மோஸ்டாட் அடிக்கடி வெட்டும், மோட்டாரும் சுடும். காயிலை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை. துபாய், குவைத், கத்தார், ஓமன் எல்லாம் 50தான், அந்தப் பிரச்சினை வராது.

துவைத்துக் காய வைப்பது இரண்டும் ஒன்றிலேயே நடக்கும் மெஷின்களில் பல, ஈரத்தைக் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீரை எடுக்கும். துவைத்து முடிந்ததே என்று பைப்பை அடைத்தால் துணி காயாது. ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் கண்டன்சர் வகையில் அந்தத் தொட்டியைக் கொட்டி, கீழே இருக்கும் கண்டன்சரை எடுத்துக் கழுவுங்கள். ஹீட் பம்ப் வகையில் காயில் தேடாதீர்கள், அது ஃபிரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸரில் ஓடுவது, சிலதில் எரியக்கூடிய கேஸும் இருக்கும். ஃபில்டரைச் சுத்தம் பண்ணுவதோடு நிறுத்திக்கொண்டு சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

எல்லாம் மாட்டும் முன், ஹீட்டர் பெட்டியிலும் டிரம்முக்கு அடியிலும் கிடக்கும் பஞ்சை வேக்குவம் வைத்தோ பெயின்ட் பிரஷ் வைத்தோ எடுத்துவிடுங்கள், திறந்ததற்கு அந்த ஒரு வேலையாவது மிச்சம். தகடை மூடி, ஈரத் துண்டு ஒன்றோடு இருபது நிமிஷம் ஓட்டுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். நிறுத்தி பிளக்கை உருவியதும் பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான சூடு பரவாயில்லை, பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அடுத்த லோடு போடுவதற்கு முன்னால் சாக்கெட்டை மாற்றுங்கள்.