மேக்னம் ரைபிளுக்கு உதை குறைந்த தோட்டா: தேர்வும் பயன்பாடும்

வழக்கமானதைவிட அதிக வேகத்தில் குண்டைச் செலுத்தும் தோட்டாவுக்கான ரைபிளே மேக்னம் ரைபிள்; சுடும்போது அது தோளைப் பின்னோக்கி இடிப்பதே உதை. உதை குறைந்த தோட்டா தேவைதானா என்பதை முதலில் சுடுதளத்தில் சோதித்து அறிய வேண்டும். உடன் வந்தவர், நீங்கள் பாராதபோது, தோட்டாக்களை அடுக்கும் கூடான மேகசினில் உண்மையான தோட்டாக்களுக்கு இடையே பயிற்சிக்கான போலித் தோட்டா ஒன்றைச் செருகித் தரட்டும். அதன் முறை வரும்போது, தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசி விழும் ஓசை மட்டுமே கேட்கும். அந்த நொடியில் குழலின் முனை தாழ்ந்தாலோ கண் இறுக மூடிக்கொண்டாலோ, உடல் உதையை எதிர்பார்த்து முன்கூட்டியே சுருங்குகிறது என்று பொருள். எவ்வளவு நல்ல ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இதைச் சரிசெய்யாது; உதையைக் குறைத்துப் பழகுவதே வழி.

ஆலைத் தயாரிப்பான இத்தகைய தோட்டாக்களில் எடை குறைந்த குண்டு, குறைந்த வேகத்தில் செலுத்தப்படுகிறது. 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வகையின் முழுவேகத் தோட்டா 180 கிரெய்ன் (குண்டின் எடையைக் குறிக்கும் அலகு) குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2,960 அடி வேகத்தில் செலுத்தும். ரெமிங்டனின் ‘மேனேஜ்டு ரீகாயில்’ தோட்டாவோ 150 கிரெய்ன் குண்டை ஏறத்தாழ 2,650 அடி வேகத்தில் அனுப்பும். இது மேக்னம் அல்லாத 308 வின்செஸ்டர் வகையின் வழக்கமான 150 கிரெய்ன் தோட்டாவைவிடவும் சற்று மெதுவானது. ஆகவே, பெட்டியில் மேக்னம் என்று அச்சிட்டிருந்தாலும், கையில் இருப்பது மேக்னம் அல்ல என்று எண்ணியே தொலைவையும் விலங்கையும் முடிவு செய்ய வேண்டும். மான் வேட்டைக்கு 200 கெஜத்திற்குள் இது போதும். அதற்கு அப்பால் நிற்கும் பெரிய விலங்கின் மீது சுடாமல் விட்டுவிடுவதே முறை.

தேர்வில் மிகுந்த கவனம் கோருவது குண்டின் அமைப்பு. மேக்னம் வேகத்திற்கென்றே தடித்த உறையுடன் செய்த குண்டும், முழுவதும் செம்பாலான குண்டும், வேகம் குறைந்தால் போதிய அளவு விரியாமல் சிறு துளையிட்டு ஊடுருவிச் சென்றுவிடக்கூடும். விலங்கு காயத்தோடு நெடுந்தொலைவு ஓடி வேதனையில் சாகும். எனவே, குறைந்த வேகத்திலும் விரியும்படி வடிவமைத்த குண்டுதானா என்றும், அது விரிவதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்றும் தயாரிப்பாளர் தரும் விவரத்தில் பார்த்து, நீங்கள் சுடவிருக்கும் தொலைவில் எஞ்சும் வேகத்தோடு அதை ஒப்பிடுங்கள்.

அடுத்து, ஸ்கோப்பைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். முழுவேகத் தோட்டாவுக்கு அமைத்த குறியில் இந்தக் குண்டு விழாது. மேலோ கீழோ மட்டுமல்ல, பக்கவாட்டிலும் விலகலாம். 100 கெஜத்தில் குறியை அமைத்த பின், 200 கெஜத்திலும் தாளில் சுட்டுக் குண்டின் இறக்கத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தொலைவுக்கேற்ப ஸ்கோப்பில் பொறித்துள்ள கோடுகள் வேறு வேகத்தை வைத்துக் கணித்தவை என்பதால், அவற்றை நம்பக் கூடாது. இரு வகைத் தோட்டாக்களையும் ஒரே பையில் கலந்து கொண்டு செல்லவும் கூடாது.

தானியங்கி முறையில் அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைபிளில், வாயு அழுத்தம் போதாமல் இயக்கம் தடைபடலாம். ஒவ்வொரு முறையும் கையால் இயக்கித் தோட்டாவை ஏற்றும் போல்ட் ரைபிளில் அந்தச் சிக்கல் இல்லை. மெதுவாக எரியும் வெடிமருந்தை மனம்போனபடி குறைத்து வீட்டிலேயே தோட்டா நிரப்பினால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும் என்பதால், அதில் இறங்கவே வேண்டாம். வழக்கத்தைவிட மெல்லிய ஓசையோடு உதையே இல்லாமல் ஒரு தோட்டா வெடித்தால், முனையை இலக்கின் திசையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து, தோட்டாக்களை அகற்றி, குழலில் குண்டு சிக்கியுள்ளதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடாதீர்கள். உதை குறைந்தாலும் ஓசை காதைக் கெடுக்கும் அளவிலேயே இருப்பதால், காதுக்காப்பு எப்போதும் வேண்டும்.