தெருச் சாலைச் சீரமைப்பு: அதிகாரிகளுடன் பயனுள்ள கூட்டம் நடத்துவது எப்படி?

சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் சாலைப் பிரச்சினைக்காக அதிகாரிகளை அழைத்துக் கூட்டம் போட்டால், பெரும்பாலும் முதல் அரை மணி நேரம் ஆதங்கத்திலேயே கழிந்துவிடுகிறது. அந்த ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூட்டம் முடிந்து அலுவலகம் திரும்பும் பொறியாளருக்குப் பயன்படப்போவது, எந்தத் தெருவில், எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை, என்ன பழுது, அதைச் சரிசெய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற விவரம்தான். அந்த விவரம் குடியிருப்போரின் கையில் தயாராக இருந்தால், பேச்சு மிக விரைவாக முடிவை நோக்கி நகரும். சென்னையை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருந்தாலும், தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், சாலை யாருடையது?

ஒரே சந்திப்பில் மூன்று நான்கு அமைப்புகளின் பொறுப்பு கலந்திருக்கும். குடியிருப்புத் தெருக்களாகிய உட்புறச் சாலைகளை மாநகராட்சியின் மண்டலப் பொறியாளர்கள் பராமரிக்கிறார்கள். பேருந்து செல்லும் சாலைகளுக்கு அதே மாநகராட்சியில் பேருந்து தடச் சாலைகள் துறை தனியாக இயங்குகிறது. அண்ணா சாலை, நூறடிச் சாலை போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்தவை. மெட்ரோ ரயில் பணி நடக்கும் இடங்களில் தடுப்புகளை ஒட்டிய சாலையின் நிலை குறித்து மெட்ரோ நிறுவனத்திடமும் கேட்க வேண்டும். குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. நிலத்தடியில் செல்லும் மின்கம்பியாகிய புதைவடம் மின்வாரியத்தின் பொறுப்பு. சிக்னல், ஒருவழிப் பாதை, வாகன நிறுத்தத் தடை ஆகியவற்றைப் போக்குவரத்துக் காவல்துறை முடிவு செய்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவும் தொடர்பானது. தெருப் பள்ளத்துக்காக அங்கே மனு கொடுப்பதால் நாள்கள்தான் வீணாகும்.

ஆகவே அழைப்புக் கடிதத்தை ஒருவருக்கு மட்டும் அனுப்பக் கூடாது. மாமன்ற உறுப்பினர், மாநகராட்சியின் உதவிப் பொறியாளர், உதவி செயற்பொறியாளர், குடிநீர் வாரியப் பணிமனைப் பொறியாளர், மின்வாரிய உதவிப் பொறியாளர், போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் ஆகிய அனைவருக்கும் ஒரே கடிதத்தைப் பெயர்ப்பட்டியலுடன் அனுப்ப வேண்டும். வேறு யார் வருகிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தால், “அது எங்கள் துறை இல்லை” என்ற பதிலுக்கு இடமிருக்காது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் நகர்ப்புறங்களில் பகுதி சபாக் கூட்டங்கள், அதாவது வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் கூட்டங்கள், நடத்தப்பட்டன. உங்கள் வார்டில் பகுதி சபா கூடுமானால், அதே கோரிக்கையை அங்கும் பதிவு செய்வது நல்லது. அங்கே எழுதப்படும் தீர்மானத்துக்குச் சங்கத்தின் கடிதத்தைவிட மதிப்பு அதிகம்.

கூட்டத்துக்கு முன் ஒரு நடை

சங்கத்தைச் சேர்ந்த நான்கைந்து பேர் அளவு நாடாவுடன் ஒரு காலை நேரத்தில் எல்லாத் தெருக்களையும் நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம், அருகிலுள்ள கதவு எண் ஆகியவற்றைக் குறித்து, அளவுகோலைப் பள்ளத்துக்குள் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். அளவுகோல் இல்லாத படத்தில் எல்லாப் பள்ளமும் ஒன்றுபோலவே தெரியும். சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கிய அல்லது மேலே துருத்திய மேன்ஹோல் மூடிகள், உடைந்த மழைநீர் வடிகால் மூடிகள், எரியாத தெருவிளக்குகளின் கம்ப எண்கள், நடைபாதையை மறித்து நிற்கும் மின்பெட்டிகள் ஆகியவற்றையும் இதே பட்டியலில் சேர்க்கலாம். மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை நடந்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். சாலையை அரிப்பதில் வாகனங்களை விடத் தேங்கும் தண்ணீருக்கே பெரும் பங்கு உண்டு.

இந்த நடையில் சங்க நிர்வாகிகள் மட்டும் கலந்துகொண்டால் போதாது. பள்ளிக்கு அருகே சைக்கிளில் வரும் பிள்ளைகளின் பெற்றோர், ஆட்டோ நிறுத்தத்துக்காரர்கள், கடைக்காரர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் ஆகியோரையும் அழைக்க வேண்டும். வீட்டில் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் எழுதும் பட்டியலில் நடைபாதை எப்போதும் கடைசி வரிக்குப் போய்விடுகிறது. தெருவோர வியாபாரிகளை அகற்றச் சொல்லும் கோரிக்கை எழுந்தால், 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது என்பதையும், நகர விற்பனைக் குழுவைக் கேட்காமல் அந்த முடிவை எடுக்க முடியாது என்பதையும் முன்பே பேசித் தெளிந்துகொள்வது நல்லது.

இதுவரை கொடுத்த புகார்களின் எண்களையும் தேதியுடன் தொகுத்துக்கொள்ள வேண்டும். மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண், நம்ம சென்னை செயலி, நெடுஞ்சாலைகளுக்கு நம்ம சாலை செயலி ஆகியவற்றில் பதிந்த புகார்கள் “முடிக்கப்பட்டது” என்று காட்டியும் வேலை நடக்காமல் இருந்தால், அந்தப் பதிவையும் இன்றைய படத்தையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினாலே போதும். குரலை உயர்த்த வேண்டிய தேவை இராது.

“ரோடு போடுங்கள்” என்று கேட்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் போட்ட சாலை சில வாரங்களிலேயே குழாய்க்காகவோ கேபிளுக்காகவோ வெட்டப்படுவதைப் பார்க்காத தெரு சென்னையில் அரிது. பொதுப் பணம் இதைவிட வெளிப்படையாக வீணாவதைக் காண்பது கடினம். எனவே சாலையைக் கேட்பதற்கு முன்னால் வரிசையைக் கேட்க வேண்டும். முதலில் குடிநீர், கழிவுநீர் இணைப்புகளும் புதைவடமும், அடுத்து மழைநீர் வடிகால், அதன்பின் வெட்டிய பள்ளங்களை அடுக்கடுக்காக நிரப்பி இறுக்குவது, கடைசியாகத் தார் அடுக்கு என்பதே சரியான வரிசை. கூட்டத்தில் ஒவ்வொரு துறையிடமும், “அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்தத் தெருவை வெட்டும் திட்டம் உங்களிடம் உண்டா?” என்று கேட்டுப் பதிலை எழுதிக்கொள்ள வேண்டும். “உண்டு” என்று ஒருவர் சொன்னாலும், அந்தப் பணி முடியும் வரை பள்ளங்களுக்கு ஒட்டுப்பணி மட்டும் போதும், முழுச் சாலை பிறகு வரட்டும் என்று குடியிருப்போரே சொல்ல முன்வர வேண்டும். தேர்தல் நெருங்கும் காலத்தில் இப்படிச் சொல்வதற்கு உறுதி தேவைப்படும்.

அடுத்தது மட்டம். பழைய தார் அடுக்கின் மேலேயே புதியதைப் போட்டுக்கொண்டே போனால் தெரு உயர்ந்து வீடுகள் தாழ்ந்துவிடுகின்றன. மழை நாளில் தண்ணீர் வாசற்படி ஏறுகிறது. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, மட்டம் உயராமல் சாலை போட வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2021 மே மாதத்தில் அறிவுறுத்தினார். “மில்லிங் செய்து அதே மட்டத்தில்” என்ற சொற்கள் உங்கள் கோரிக்கையிலும் கூட்டக் குறிப்பிலும் அப்படியே இடம்பெறட்டும்.

சாலையின் குறுக்குச் சரிவையும் விட்டுவிடக் கூடாது. தார்ச் சாலை நடுவில் சற்று உயர்ந்து இரு ஓரங்களுக்கும் சரிந்திருந்தால்தான் தண்ணீர் வடிகாலுக்குப் போய்ச் சேரும். சரிவு 2 விழுக்காடு என்று கொண்டால், 6 மீட்டர் அகலமுள்ள தெருவில் நடுப்பகுதி ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். எதிரெதிர் ஓரங்களில் சம உயரத்தில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய குழாயால்) மட்டம் பார்த்து, நடுவிலும் ஓரத்திலும் நூலுக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் சரிவு எவ்வளவு என்று யாரும் கண்டுகொள்ளலாம்.

போக்குவரத்துக் கோரிக்கைகள்

கூட்டங்களில் மிக அதிகமாகக் கேட்கப்படுவது வேகத்தடை. வீட்டுக்கு வீடு ஒரு வேகத்தடை இருந்தால் தெரு பாதுகாப்பாகிவிடாது. அவசர ஊர்தி தாமதமாகும், முதுகுவலிக்காரர்கள் அவதிப்படுவார்கள், இரவில் அடையாளம் தெரியாத மேட்டில் இருசக்கர வாகனங்கள் கவிழும். இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதலின்படி, வாகனங்கள் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வளைவான வேகத்தடை, வாகனம் செல்லும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். கூடவே பட்டைக் கோடுகளும் எச்சரிக்கைப் பலகையும் தேவை. இந்த அளவு இல்லாமல் இரவோடு இரவாகப் போடப்பட்ட குறுகிய மேடுகளை அகற்றவும் அதே கூட்டத்தில் கேட்கலாம். எங்கே வேகத்தடை தேவை என்பதைப் பள்ளி வாசல், விபத்து நடந்த திருப்பம் என்று காரணத்துடன் சொன்னால் காவல்துறையின் பரிந்துரை எளிதாகக் கிடைக்கும்.

ஒருவழிப் பாதை, திருப்பத் தடை போன்றவற்றை நிரந்தரமாகக் கேட்பதைவிடச் சோதனை முறையில் கேட்பது நல்லது. சில நாள்கள் நடைமுறைப்படுத்திப் பார்த்தால், நெரிசல் உண்மையில் குறைகிறதா அல்லது அடுத்த தெருவுக்கு இடம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும். அந்த அடுத்த தெருவில் வசிப்பவர்களையும் முன்கூட்டியே கூட்டத்துக்கு அழைத்திருக்க வேண்டும். நடைபாதையைப் பொறுத்தவரை, குடியிருப்புப் பகுதியில் தடையின்றி நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்பதும், ஓரக்கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் அதே பேரவையின் பரிந்துரை.

கூட்டத்தில்

மேடை, பொன்னாடை, நீண்ட வரவேற்புரை எதுவும் வேண்டாம். அதிகாரிகளை நேராகத் தெருவுக்கு அழைத்துச் சென்று, படங்களுடன் கூடிய பட்டியலைக் கையில் கொடுத்து, முதல் மூன்று இடங்களையாவது நேரில் காட்ட வேண்டும். பேசுவதற்கு இருவரை முன்பே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். உதவிப் பொறியாளர் பெரும்பாலும் குறைந்த ஆள்பலத்தோடு பல தெருக்களைப் பார்த்துக்கொள்பவர் என்பதை மறந்து அவரைக் கூட்டத்தின் நடுவே அவமதித்தால், நாளை செலவு மதிப்பீடு தயாரிக்க வேண்டியவரையே நாம் இழக்கிறோம்.

“நிதி வந்ததும் பார்க்கலாம்” என்ற பதில் நிச்சயம் வரும். அப்போது, “சார், இந்தத் தெரு எந்தத் திட்டத்தில், எந்த ஆண்டு மதிப்பீட்டில் இருக்கிறது? இல்லையென்றால் அடுத்த மதிப்பீட்டில் சேர்க்க யாருடைய ஒப்புதல் வேண்டும்?” என்று கேளுங்கள். மாமன்ற உறுப்பினரின் வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து சிறு பணிகளைச் செய்ய முடியுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். கலையும் முன், பணி, பொறுப்பு அலுவலர், கெடு தேதி என்ற மூன்று நெடுவரிசைகளில் குறிப்பு எழுதி, எல்லாருக்கும் வாசித்துக் காட்டி, மறுநாளே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகச் சாலை வெட்டுகளுக்குத் தடை வருவது வழக்கம் என்பதால், கெடுவைச் செப்டம்பருக்குள் வைப்பது நல்லது.

வேலை நடக்கும்போதும் அதன்பின்னும்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் பிரிவு 2(j), அரசுப் பணிகளை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. பலரும் பயன்படுத்தாத இந்த உரிமை சாலைப் பணிக்கே மிகவும் ஏற்றது. 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து, ஒப்பந்த நகல், மதிப்பீடு, செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், ஒப்பந்ததாரரே பழுதுக்குப் பொறுப்பேற்கும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் ஆகியவற்றைக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

தார்க்கலவை கொட்டும் இரவில் இரண்டு பேராவது விழித்திருந்து பார்ப்பது வீண்போகாது. சுரண்டிய பரப்பு துடைக்கப்பட்டு ஈரமின்றி இருக்கிறதா, புதிய அடுக்கு ஒட்டிப் பிடிக்கப் பிணைப்புத் தார் தெளிக்கப்படுகிறதா, கலவை சூடாக இருக்கும்போதே உருளை ஓடுகிறதா என்று கவனிக்க வேண்டும். வழக்கமான தார் வகைக்கு, உருட்டும்போது வெப்பம் 90 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிவிடக் கூடாது. ஆறிப்போன கலவை இறுகாது, அடுத்த மழையில் ஜல்லி பெயரும். வெப்பமானி ஒப்பந்ததாரரிடம் இருக்க வேண்டும். காட்டச் சொல்லிக் கேட்கலாம். மேன்ஹோல் மூடிகள் புதிய மட்டத்துக்குச் சரிசெய்யப்பட்டனவா என்று மறுநாள் காலையில் பார்த்து, இல்லையென்றால் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் பெருமழைக்குப் பிறகு பழைய பட்டியலோடு மறுபடியும் நடந்து, நீர் தேங்கும் இடங்களையும் பெயர்ந்த இடங்களையும் அளவுகோலுடன் படம் எடுத்து, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிவதற்குள் செயற்பொறியாளருக்குப் புகாராக அனுப்புங்கள். அந்தக் காலம் வரை பழுதைத் தன் செலவில் சரிசெய்ய வேண்டியவர் ஒப்பந்ததாரர்தான். எழுத்தில் புகார் இல்லாமல் காலம் கடந்துவிட்டால், பிடித்து வைத்திருந்த வைப்புத்தொகை அவருக்குத் திரும்பிப் போய்விடும். அதன்பின் அதே பள்ளத்துக்குப் புதிய மதிப்பீடு தேவைப்படும்.