முட்டை ஒட்டுண்ணி அட்டை: புழு வருவதற்கு முன்பே கட்டுங்கள்

புழுவைக் கண்ணால் பார்த்த பிறகு டிரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவி உள்ளே வளரும் முட்டைகள் ஒட்டிய அட்டையைத் தேடி ஓடுவதில் பயனில்லை. இந்தக் குளவி, அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும், உள்ளே வளரும் குஞ்சு அந்த முட்டையையே தின்றுவிடும், அதனால் பொரித்து வெளியே வந்த புழுவை இதனால் ஒன்றும் செய்ய முடியாது. நேரம் தவறினால் எத்தனை அட்டை கட்டினாலும் வீண்தான். இனக்கவர்ச்சிப் பொறியிலோ விளக்குப் பொறியிலோ தாய் அந்துப்பூச்சி விழ ஆரம்பித்ததும் முதல் அட்டையைக் கட்டிவிடுங்கள். குளவி அரை மில்லிமீட்டர் அளவுதான், மனிதரைக் கொட்டாது, பயப்பட வேண்டாம்.

வாங்கும்போது அட்டையை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். ஒட்டியிருக்கும் அந்துப்பூச்சி முட்டைகள் கறுப்பாக இருக்க வேண்டும். வெளுத்தவை அதிகம் இருந்தால் ஒட்டுண்ணி சரியாக ஏறவில்லை. கறுப்பு முட்டைகளில் ஊசி முனை அளவு ஓட்டைகள் தெரிந்தால் குளவி ஏற்கெனவே வெளியேறிவிட்டது, அந்த அட்டையை வாங்காதீர்கள்.

நெல் தண்டுத்துளைப்பானுக்கு ஜப்பானிக்கம், கரும்பு இடைக்கணுப் புழுவுக்கு கைலோனிஸ் என்று இனம் பார்த்துக் கேளுங்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு 2 சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை போதும், 1 சிசியில் ஏறக்குறைய 20,000 முட்டைகள் இருக்கும். ஒரே முறை கட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், வாரம் ஒரு முறை வீதம் மூன்று முறையாவது கட்ட வேண்டும்.

இந்தக் குளவியால் அதிக தூரம் பறக்க முடியாது. அதனால் அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி ஏக்கருக்கு 40 இடங்களுக்குக் குறையாமல் இலையின் அடிப்பக்கத்தில் ஸ்டேப்ளர் போட்டுக் குத்துங்கள். மாலை நேரம் நல்லது. உச்சி வெயிலும் மழையும் கூடாது. எறும்பு ஏறுகிற செடியைத் தவிர்த்துவிடுங்கள், அட்டையை மொட்டையாக்கிவிடும்.

முன்னும் பின்னும் ஒரு வாரமாவது பூச்சிக்கொல்லி தெளிக்காதீர்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான், பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து காற்றில் வந்தாலும் குளவி செத்துவிடும் என்பதால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அப்புறம், வளர்ந்த குளவி தேன் குடித்துத்தான் வாழும். வரப்பில் கொஞ்சம் கொத்தமல்லியோ கடுகோ பூத்திருந்தால் கூடுதல் நாள் உயிரோடு இருக்கும்.

சரி, புழு ஏற்கெனவே வந்துவிட்டதா? அதற்கு வேறு குளவி இருக்கிறது. பிரக்கான் புழுவையே கொட்டி மயக்கி அதன் மேல் முட்டையிடும், தென்னைக் கருந்தலைப் புழுவுக்கு விடுவது இதைத்தான்.