ஊதிப் பார்க்கும் கருவி வாங்கப் போகிறீர்களா? முதலில் இதை முடிவு செய்யுங்கள்

மது சோதனைக் கருவியில் எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கருவி காட்டும் எண்ணை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? சாலையில் நிறுத்திய ஓட்டுநரை மேற்கொண்டு சோதிக்க வேண்டுமா என்று முடிவெடுக்கவா, நீதிமன்றத்தில் சான்றாக வைக்கவா, கிரேன் இயக்குபவரை இன்று மேலே ஏற்றலாமா என்று பார்க்கவா? மூன்றும் மூன்று வேலை, மூன்றுக்கும் ஒரே கருவி சரிப்படாது. இதை முடிவு செய்யாமல் விலைப்பட்டியலைத் திறந்தால், தேவைக்கு மேல் செலவழிப்பீர்கள், இல்லாவிட்டால் ஒருவருடைய உரிமத்தையோ வேலையையோ பறிக்கும் அளவுக்கு நம்பகமில்லாத ஒரு எண்ணை நம்பி உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டாவது மிகவும் மோசம்.

சரி, கருவிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மலிவான கருவிகளில் இருப்பது செமிகண்டக்டர் சென்சார். ஆல்கஹால் பட்டால் அதன் மின்தடை மாறும், ஆனால் அசிட்டோன் போன்ற வேறு ஆவிகள் பட்டாலும் மாறும், ஈரப்பதமும் வெப்பமும் கூட ரீடிங்கை ஆட்டும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களின் மூச்சிலும், நீண்ட நேரம் பட்டினி இருந்தவர்களின் மூச்சிலும் அசிட்டோன் கூடும். குடிக்காத ஒருவரைக் குடித்தவராகக் காட்டக்கூடிய கருவியை காவல்துறையோ நிறுவனமோ வாங்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

தொழில்முறைக் கையடக்கக் கருவிகளில் இருப்பது ஃபியூயல் செல். சிறிய பம்ப் ஒன்று மூச்சில் இருந்து குறிப்பிட்ட அளவை உறிஞ்ச, பிளாட்டினம் மின்முனையில் எத்தனால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, அதனால் உண்டாகும் மின்னோட்டம் அளவாக மாறுகிறது. அசிட்டோனை இது கண்டுகொள்வதில்லை. மெத்தனால், ஐசோபுரொப்பைல் மாதிரி மற்ற ஆல்கஹால்கள் வந்தால் ரீடிங் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கை சானிட்டைசர் தேய்த்த கையோடு ஊதுகுழாயை மாட்டும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

காவல் நிலையத்தில் மேசைமேல் இருக்கும் சான்றுத் தரக் கருவிகள், அதாவது நீதிமன்றத்தில் சான்றாக வைக்கக்கூடிய முடிவைத் தருபவை, பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர் முறையில் வேலை செய்பவை. சுமார் 3.4 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் எத்தனாலோடு அசிட்டோனும் ஒளியை உறிஞ்சும், 9.5 மைக்ரோமீட்டர் அருகே எத்தனாலைப் பிரித்தறிவது எளிது. எந்த அலைநீளத்தில் அளக்கிறது, கூடவே ஃபியூயல் செல்லும் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இரண்டு வெவ்வேறு முறைகளில் ஒரே மூச்சை அளக்கும் கருவி வழக்கில் நன்றாகவே நிற்கும்.

தரச்சான்று கேட்கும்போது பொதுவாக 'சர்வதேசத் தரம் உள்ளது' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். சான்றுத் தரக் கருவிக்கு ஓ.ஐ.எம்.எல். (சட்டமுறை அளவியலுக்கான சர்வதேச அமைப்பு) வெளியிட்ட ஆர் 126. சாலையோர முதல்நிலைச் சோதனைக் கருவிக்கு ஐரோப்பியத் தரம் இ.என். 15964. ஆஸ்திரேலியாவில் மூச்சுச் சோதனைக் கருவிகளுக்கான தரம் ஏ.எஸ். 3547. அமெரிக்காவில் அரசே அங்கீகரித்த கருவிகளின் பட்டியல் இருக்கிறது. இ.என். 16280 என்று சொன்னால் அது பொதுமக்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கருவிக்கான தரம், உங்கள் வேலைக்குப் போதாது. உங்கள் நாட்டுச் சட்டம் எந்த அங்கீகாரத்தைக் கேட்கிறது என்பதையும் வாங்கும் முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எண்ணைவிட அலகில் அதிகம் குழம்புகிறார்கள். கருவி உண்மையில் அளப்பது மூச்சில் உள்ள ஆல்கஹாலை, ரத்த அளவு என்று காட்டுவது ஒரு பெருக்கல் கணக்கு. அந்தப் பெருக்கு எண் நாட்டுக்கு நாடு வேறு: சில இடங்களில் 2000, அமெரிக்காவில் 2100, பிரிட்டனில் 2300. ஒரு லிட்டர் மூச்சில் 0.25 மில்லிகிராம் என்ற அதே அளவு, முதல் கணக்கில் 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், கடைசிக் கணக்கில் 57.5. உங்கள் வரம்பு 50 என்றால் என்ன ஆகும் என்று பாருங்கள்! கருவியின் அமைப்பு உங்கள் சட்டத்தின் அலகிலும் பெருக்கு எண்ணிலும் இருக்கிறதா, அதைக் களத்தில் இருப்பவர் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கிறதா என்று சரிபார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது மூச்சின் மாதிரி. நமக்கு வேண்டியது நுரையீரலின் ஆழத்தில் இருந்து வரும் காற்று. நல்ல கருவி ஊதும் வேகத்தையும் அளவையும் கவனித்து, போதாத ஊதலை ஏற்காமல் திருப்பி அனுப்பும். ஊதுகுழாய் இல்லாமல் முகத்துக்கு முன் பிடித்து மோப்பம் பார்க்கும் முறை பல கருவிகளில் உண்டு, நீண்ட வரிசையை வேகமாகச் சலிக்க அது மிகவும் உதவும், ஆனால் அதில் வருவது 'இருக்கிறது, இல்லை' என்ற தகவல் மட்டும். அதை வைத்து யார்மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது.

வாயில் தங்கிய ஆல்கஹால் இன்னொரு தலைவலி. மவுத்வாஷ் கொப்பளித்த உடனே ஊதினால் குடிக்காதவருக்கும் பெரிய எண் வரும், ஏப்பமோ வாந்தியோ வந்தாலும் அப்படித்தான். 15 நிமிடம் எதுவும் வாயில் போடாமல், ஒருவர் கண்காணிப்பில் காத்திருந்தால் அது போய்விடும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிகளில் முதல் சோதனை 0.02 (210 லிட்டர் மூச்சில் இத்தனை கிராம் ஆல்கஹால் என்ற அலகில்) அல்லது அதற்கு மேல் காட்டினால், குறைந்தது 15 நிமிடம் கழித்து சான்றுத் தரக் கருவியில் மறுபடி ஊத வைக்க வேண்டும், கணக்கில் வருவது அந்த இரண்டாவது முடிவு. உங்கள் நாட்டில் கட்டாயம் இல்லாவிட்டாலும் பணியிடத்தில் இதே முறையை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒருவருடைய சம்பளம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் கால் மணி நேரம் பெரிதில்லை.

இனி காலிபரேஷன், அதாவது கருவி சரியான எண்ணைக் காட்டும்படி அதன் அளவீட்டைச் சரிசெய்வது. பணத்தைக் கொட்டி வாங்கிய கருவிகள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஃபியூயல் செல் காலப்போக்கில் சோர்ந்துபோகும், அளவு மெல்ல நகரும், வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் அளவு தெரிந்த ஆல்கஹாலைக் கொடுத்து அடிக்கடி சோதிக்க வேண்டும். அதற்கு இரண்டு வழி: 34 டிகிரி செல்சியஸில் வைத்த ஆல்கஹால் கரைசல் வழியே காற்றை அனுப்புவது, அல்லது சிலிண்டரில் வரும் உலர் வாயு. கரைசல் பயன்படுத்தப் பயன்படுத்த நீர்த்துப்போகும், வெப்பமும் பிசகக் கூடாது. உலர் வாயு எடுத்துச் செல்ல வசதி, ஆனால் காற்றழுத்தத்துக்கு ஏற்ப அதன் மதிப்பைத் திருத்த வேண்டும், மலைப்பகுதியில் பயன்படுத்துபவர்கள் இதை மறந்தால் ரீடிங் எல்லாமே தப்பு. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காலிபரேஷன், யார் செய்வார்கள், அனுப்பினால் திரும்பி வர எத்தனை நாள், அதுவரை மாற்றுக் கருவி தருவார்களா, தவணை தாண்டினால் கருவி தானாகவே பூட்டிக்கொள்ளுமா என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி களத்தில் எரிச்சலாக இருக்கும், ஆனாலும் நான் அதைத்தான் கேட்பேன்.

பதிவு வசதியும் முக்கியம். தேதி, நேரம், கருவி எண், சோதித்தவர், சோதனைக்கு முந்தைய வெற்றுக்காற்றுச் சோதனை பூஜ்யம் காட்டியதா, கடைசிக் காலிபரேஷன் எப்போது, இவை அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். காவலருக்கு அச்சுத்தாளும் இருட்டில் தெரியும் திரையும் கையுறையோடு அழுத்தும் பொத்தானும் வேண்டும். பணியிடத்துக்கு வேண்டியது வேறு, முடிவை யார் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு. வாயிற்கதவில் எல்லோர் முன்னாலும் சிவப்பு விளக்கு எரிந்து ஒலி எழுப்பும் கருவியை வைத்து ஒருவரைக் கூனிக்குறுக வைக்காதீர்கள், தனி அறையில் சோதியுங்கள். ஊதுகுழாய் ஆளுக்கு ஒன்று, தனித்தனி உறையில், மூச்சு திரும்பி வராத வால்வோடு இருக்கட்டும். கருவி மலிவு, குழாய் விலை அதிகம் என்பது சாதாரணமாக நடப்பது, அதனால் ஆண்டுச் சோதனை எண்ணிக்கையைப் போட்டு மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் மாதிரிக் கருவியை வரவழைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு வெவ்வேறு அளவுள்ள உலர் வாயுவை ஒவ்வொன்றும் பத்துத் தடவை கொடுத்து எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அதிக அளவைக் கொடுத்தபின் கருவி மறுபடி பூஜ்யத்துக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள், வரிசையில் அடுத்து நிற்பவரின் முடிவு அதில்தான் இருக்கிறது. அப்புறம் ஊழியர் ஒருவரை மவுத்வாஷ் கொப்பளித்துத் துப்பிவிட்டு உடனே ஊதச் சொல்லி, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்லுங்கள். கருவியைக் கையாளப் போகிறவர்கள் எல்லோரும் பக்கத்தில் நின்று அந்த இரண்டு எண்களையும் பார்க்கட்டும். இந்தச் சோதனைகளுக்குத் தயங்கும் விற்பனையாளரை அன்றே அனுப்பிவிடலாம்.