டிஸ்னி ஓட்டத்துக்கு வேடம் கட்டுவது எப்படி

நவம்பர் பிறந்துவிட்டால் யாராவது ஒருவர் போன் செய்துவிடுவார். "அக்கா, ஜனவரி டிஸ்னி ஓட்டத்துக்குப் பேர் குடுத்துட்டேன். எல்லாரும் வேஷம் போட்டுட்டுத்தான் ஓடுவாங்களாமே. நானும் போடணுமா?"

கட்டாயம் ஒன்றும் இல்லை. சாதாரண டீ-ஷர்ட்டும் ஷார்ட்ஸுமாக ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் என்னைக் கேட்டால், போடுங்கள் என்பேன். ஓடுகிற உடுப்பு முதலில், வேடம் அதன் மேல். இந்த வரிசை மாறும்போதுதான் தொந்தரவெல்லாம் வருகிறது.

தெரியாதவர்களுக்காக: புளோரிடாவில் ஆர்லாண்டோ பக்கம் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் ஜனவரியில் நான்கு நாள் ஓட்டம் நடக்கும். வியாழன் 5 கி.மீ., வெள்ளி 10 கி.மீ., சனி ஹாஃப் மாரத்தான் (21 கி.மீ.), ஞாயிறு முழு மாரத்தான் (42 கி.மீ.). மாரத்தான் ஆரம்பித்தது 1994-இல். இளவரசிகளின் பெயரில் 2009 முதல் தனியாக ஒரு ஹாஃப் மாரத்தானும் நடக்கிறது, இப்போது அது பிப்ரவரியில். பொழுது விடியும் முன்பே, காலை 5 மணிக்குத் தொடக்கம். மைலுக்கு 16 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் என்ற வேகத்துக்குக் கீழே போனால் ஓட்டத்தை நிறுத்தி வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

நான் டாம்பாவில் இருக்கிறேன். சொந்த ஊர் உடன்குடி. மைலுக்கு 14 நிமிடம் என்பது என் வேகம். முதல் ஹாஃப் மாரத்தானைச் சாம்பல் நிற டீ-ஷர்ட்டில் ஓடினேன். 21 கிலோமீட்டரில் என்னைப் பார்த்து யாரும் ஒரு குரல் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் சிவப்பு மேல்சட்டை, மஞ்சள் பாவாடை, தலையில் இரண்டு சின்ன மஞ்சள் காது. அவ்வளவுதான், நான் டிஸ்னியின் மஞ்சள் கரடி வின்னி த பூ. இருட்டு நெடுஞ்சாலையில் தண்ணீர் கொடுக்கும் தன்னார்வலர்கள், முன்பின் தெரியாத பாட்டிமார், தோளில் உட்கார்ந்திருந்த குழந்தைகள், எல்லாரும் "கோ, பூ!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பிப்பில், அதாவது முன்பக்கம் குத்திக்கொள்ளும் எண் அட்டையில், நம் பெயர் அச்சாகியிருக்கும்தான். ஆனால் நம் நீளமான பெயரை உரக்கப் படிக்க இந்த ஊரில் பலரும் தயங்குகிறார்கள். பூ என்று கூப்பிட ஒருவருக்கும் தயக்கமில்லை. பதினெட்டாவது கிலோமீட்டரில் தொடை இறுகி நின்ற என்னை நகர்த்தியது அந்தக் குரல்கள்தான். மெதுவாக ஓடுகிறவர்களுக்கு வேடம் பெரிய துணை என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்று பேருக்கு மட்டும் வேண்டாம் என்பேன். நேரக் குறிக்கோளோடு ஓடுகிறவர், 16 நிமிட வேகத்தையே எட்டிப் பிடித்துக்கொண்டிருப்பவர், ஒத்திகைக்கு நேரமில்லாதவர். இவர்கள் காது வைத்த ஹெட்பேண்ட் ஒன்று மாட்டினாலே போதும்.

விதிகளை முதலில் பாருங்கள். 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் முகமூடி போடக் கூடாது. உடம்பு முழுவதையும் சூழ்ந்த, அடுக்கடுக்கான வேடம் கூடாது. உடுப்பு தரையில் இழுபடக் கூடாது. முதுகில் தொங்கும் மேலங்கி இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆயுதம் போலத் தெரியும் பொருளும் கூர்முனையும் கூடாது. மீறினால் ஓடவிட மாட்டார்கள். ஓட்டத்துக்குச் சில வாரம் முன்னால் அந்த வருடத்துக்கான கையேடு வரும், அதைப் படித்துவிட்டே துணி வாங்குங்கள். இன்னொன்று, பிப் முன்பக்கம் முழுதாகத் தெரிய வேண்டும். நேரத்தைக் கணக்கிடும் சிப் அதன் பின்னால்தான் ஒட்டியிருக்கிறது. மடிக்காதீர்கள், பாவாடைக்குள் செருகாதீர்கள்.

சரி, என்ன வேடம்? டிஸ்னி கதைப் பாத்திரத்தின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைப் பார்க்கிறவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். சிவப்பு ஷார்ட்ஸ், கறுப்பு மேல்சட்டை, மஞ்சள் ஷூ என்றால் மிக்கி. நீல மேல்சட்டை, மஞ்சள் பாவாடை, தலையில் சிவப்பு ரிப்பன் என்றால் ஸ்னோ ஒயிட். பச்சைப் பாவாடையும் முதுகில் சின்னச் சிறகும் இருந்தால் டிங்கர் பெல். எல்லாமே சாதாரண விளையாட்டு உடுப்புக் கடையில் கிடைக்கும் நிறங்கள்.

துணி விஷயத்தில் நான் அனுபவப்பட்டேன். அம்மா ஊரிலிருந்து வந்திருந்த வருடம், 10 கி.மீ. ஓட்டத்துக்கு மஞ்சள் சுங்குடிச் சேலை ஒன்றைக் கிழித்து ஆசையாகப் பாவாடை தைத்துக் கொடுத்தார். அழகு என்றால் அழகு. நாலாவது கிலோமீட்டருக்குள் வியர்வை முழுவதையும் குடித்து, ஈரத்துணி மூட்டை போல் கனத்து, இடுப்பிலிருந்து இறங்க ஆரம்பித்தது. மீதி ஆறு கிலோமீட்டரை ஒரு கையால் பாவாடையைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். பருத்தி, வீட்டில் எவ்வளவு சுகமோ ஓட்டத்தில் அவ்வளவு சுமை. பாலியஸ்டர் விளையாட்டுத் துணியோ, பாலே நடனக்காரர்கள் கட்டும் டுட்டுப் பாவாடைக்குப் பயன்படும் நைலான் வலைத்துணியோ எடுங்கள். அவை ஈரத்தைப் பிடித்து வைப்பதில்லை, மழை வந்தாலும் உதறினால் போதும்.

அந்த வலைப் பாவாடைக்குத் தையல் மெஷினே வேண்டாம். ஆறு அங்குல அகலச் சுருளாக வலைத்துணி விற்கிறார்கள், 25 கஜச் சுருள் இரண்டு போதும். இடுப்பளவைவிட இரண்டு அங்குலம் குறைவாக எலாஸ்டிக் வெட்டி, முனைகளைச் சேர்த்துத் தையுங்கள். வலையை 22 அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து எலாஸ்டிக்கில் சுருக்குப் போட்டு இழுங்கள். பெரியவர்களுக்கு ஐம்பது, அறுபது துண்டு ஆகும். நீளம் பத்து, பதினோரு அங்குலம் வரும். அதற்கு மேல் வேண்டாம், முழங்கையை வீசும்போது வலையின் ஓரம் உள்முன்கையை உரசிச் சிவக்க வைத்துவிடும். பாவாடைக்கு அடியில் நீங்கள் எப்போதும் ஓடும் அதே ஷார்ட்ஸ்.

எதை எப்படிக் கட்டுவது என்பதை எங்கள் பெரியப்பாவிடம் கற்றுக்கொண்டேன். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு வருடா வருடம் மாலை போட்டுக் காளி வேடம் கட்டுவார். கிரீடம், சடாமுடி, முதுகில் கட்டிய கைகள், எல்லாவற்றோடும் வெறுங்காலில் ஊர் ஊராக நடப்பார். தலையில் துணியை இறுகச் சுற்றி, அதன் மேல்தான் கிரீடம் வைப்பார். கைகளின் பாரம் கழுத்துக்குப் போகாமல் இடுப்புக் கட்டில் வந்து உட்காரும். "ஆடுற சாமான் எதுவும் ஆளைத் தின்னுரும். ஆடாமக் கட்டு" என்பார். அவர் சொன்னது சிறகுக்கும் பொருந்துகிறது, ஹெட்பேண்டுக்கும் பொருந்துகிறது. தோள்பட்டை எலாஸ்டிக்கை மட்டும் நம்பிச் சிறகு மாட்டினால் அடிக்கொரு தரம் முதுகில் தட்டும். நடுப்பகுதியை நான்கு ஊக்கால் மேல்சட்டையோடு குத்திவிடுங்கள். காது ஹெட்பேண்டின் உள்பக்கம் ஒரு துண்டு விளையாட்டுத் துணியைச் சுற்றித் தையுங்கள், வழுக்காது, காதின் பின்பக்கமும் வலிக்காது.

கட்டி முடித்ததும் அந்த இடத்திலேயே இருபது தரம் குதியுங்கள். ஆடுகிறதா, குத்துகிறதா, நழுவுகிறதா? சரி செய்துகொண்டு 5 கி.மீ. ஓடுங்கள். அப்புறம் பயிற்சியிலேயே நீளமான ஓட்டம் ஒன்றை முழு வேடத்தோடு ஓடுங்கள். தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும். உரசல் பத்தாவது கிலோமீட்டருக்குப் பிறகுதான் முகம் காட்டும். மினுமினுப்புத் துணி அக்குளில் படும் இடம், எலாஸ்டிக் விளிம்பு, தொடை, உள்ளாடைக் கோடு, இங்கெல்லாம் வாசலின் தாராளமாகப் பூசுங்கள். பெண்களுக்கு இன்னொரு முக்கியமான ஒத்திகை: நடமாடும் கழிப்பறையின் அந்தச் சின்ன இடத்தில் இந்த உடுப்பைக் கழற்றி மாட்ட முடியுமா? மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடுப்பை நான் வாங்காததற்குக் காரணம் இதுதான்.

விக் வேண்டவே வேண்டாம். கனமான வேடமும் வேண்டாம். 2018 லண்டன் மாரத்தானில் வெயில் 24 டிகிரியைத் தாண்டியது, அந்த ஓட்டத்தின் வரலாற்றிலேயே அதிகம். வேடம் போடுகிறவர்கள் மறுபடி யோசியுங்கள் என்று நடத்துகிறவர்களே கேட்டுக்கொண்டார்கள். புளோரிடா ஜனவரியில் காலை 5 டிகிரியும் இருக்கும், 20 டிகிரியும் இருக்கும், கூடவே கடற்கரை ஊர்ப் புழுக்கம். அதனால் ஒரே வேடத்தைக் கையுள்ளதும் கையில்லாததுமாக இரண்டு மேல்சட்டையோடு தயார் செய்யுங்கள். உயரத்தையும் கவனியுங்கள். 2019-இல் அதே லண்டனில் பிக் பென் கோபுரமாக வேடமிட்டு வந்தவரின் உச்சி, முடிவுக்கோட்டு வளைவில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் வந்து உதவித்தான் அவர் கோட்டைக் கடந்தார். தலைக்கு மேல் ஒரு சாண், தோளுக்கு வெளியே ஒரு கையகலம், என் அளவு அவ்வளவுதான். பக்கத்தில் ஓடுகிறவரின் கண்ணில் நம் சிறகு படக் கூடாதே.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகள் எட்டு வயதில் 5 கி.மீ. ஓட ஆசைப்பட்டாள். நீண்ட பொன்னிறக் கூந்தல் இளவரசி ரபுன்சலாகப் போகிறேன் என்றாள். விஷயம் தெரிந்த ஒவ்வொருவரும், நம்மவர்களும்தான், "ஏன் கண்ணு, ஜாஸ்மின் உனக்குப் பொருத்தமா இருக்குமே" என்றார்கள். ஜாஸ்மின், அலாதீன் கதையில் வரும் மாநிற இளவரசி. அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ராத்திரி அவள் என்னிடம், "பிரவுனா இருந்தா ஜாஸ்மின் மட்டும்தான் ஆக முடியுமாம்மா?" என்று கேட்டாள். இல்லை கண்ணம்மா, யாராகவும் ஆகலாம். பிள்ளைகளின் தோலைப் பார்த்துப் பாத்திரம் ஒதுக்காதீர்கள். அதேபோல் எந்தப் பாத்திரத்துக்காகவும் தோலின் நிறத்தைப் பூசி மாற்றாதீர்கள், அது மற்றவரைப் புண்படுத்தும் காரியம். உடுப்பும் நிறமும் ஒரு சின்ன அடையாளமும் போதும்.

அவளுக்கு ஊதா மேல்சட்டை, ஊதாப் பாவாடை. மஞ்சள் விக் இல்லை, அவளுடைய கறுத்த முடியே. ரபுன்சலின் பின்னலில் பூ இருக்கும் அல்லவா, அம்மா ஊரில் பூச்சடை தைக்கிற மாதிரியே துணிப்பூக்களை ஊசிநூலால் சடையோடு சேர்த்துத் தைத்துவிட்டார். ஐந்து கிலோமீட்டரும் குதித்துக் குதித்து ஓடினாள். ஒரு பூ விழவில்லை. வழியில் நின்ற ஒரு பெண் "ரபுன்சல், யுவர் ஹேர்!" என்று கத்தியபோது அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

படம் எடுக்க நிற்கும் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். வழிநெடுகப் பாத்திரங்கள் நிற்பார்கள், ஒவ்வொருவரிடமும் வரிசை இருக்கும். மைலுக்கு 14 நிமிடம் என்றால் ஹாஃப் மாரத்தானுக்கு 3 மணி 3 நிமிடம் ஆகும். 16 நிமிட வேகத்துக்கு ஏறக்குறைய 3 மணி 30 நிமிடம். ஓட்டத்தைப் பிரிவு பிரிவாகத்தான் தொடங்கிவைப்பார்கள்; கடைசிப் பிரிவில் தொடங்குகிறவருக்குக் கையில் மிஞ்சுவது 26 நிமிடம், வரிசைக்கு ஆறு நிமிடம் என்றாலும் நாலு படம்தான். எந்த நாலு என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். நிற்பதற்கும் நடப்பதற்கும் முன்னால் கையைத் தூக்கிக் காட்டி ஓரத்துக்கு ஒதுங்குங்கள், பின்னால் வருகிறவர் மோதாமல் இருப்பார். சிண்ட்ரெல்லா கோட்டை பாதி வழிக்குச் சற்று முன்னால் வரும். குளிருக்குப் போட்ட ஜாக்கெட்டை அதற்கு முன்பே கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கோட்டைப் படத்தில் வேடமே தெரியாது.

பேருந்து பிடிக்க 3 மணிக்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும், தொடங்கும் வரை திறந்த வெளியில் நிற்க வேண்டும். போனால் போகட்டும் என்று விடக்கூடிய பழைய ஸ்வெட்டர் ஒன்றை வேடத்தின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். பிப் பெல்ட்டின் உள்பக்கம் ஆறு ஊக்கு உபரியாகக் குத்தி வையுங்கள். இதுவரை ஒவ்வொரு ஓட்டத்திலும் யாராவது ஒருவருக்கு அதில் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். போன வருடம் சிறகு பிய்ந்து அழாத குறையாக நின்ற ஒரு பெண்ணுக்கு மூன்று ஊக்கு குத்திவிட்டேன். முடிவுக்கோட்டில் அவர் என்னைத் தேடி வந்து கட்டிக்கொண்டார், சிறகு அப்படியே இருந்தது.

வீடு திரும்பியதும் வலைப் பாவாடையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் விரித்துக் காயப் போடுங்கள். மெஷினில் போட்டால் முடிச்செல்லாம் சிக்கிக்கொள்ளும்.